பீஸ் கட்டை

போன சித்திரையில் அப்பா ஒரு போட்டோ அனுப்பினார். எங்கள் மோட்டார் ரூமுக்குள் இருக்கும் மெயின் போர்டு. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு, பலகையெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. மாத்தோணும்னு வயர்மேன் சொல்றாரு. ஊட்டுக்கும் புதுசா கனெக்சன் வாங்கறமல்லோ, ரெண்டுக்கும் சேத்து எந்த டிபி பாக்ஸ் வாங்கறதுன்னு நீ பாத்துச் சொல்லு."

அரை நாள் வேலை என்று நினைத்தேன். நாலு கம்பெனி, நாலு விலை, நடுவில் உள்ளதை வாங்கிவிடலாம். நான்கு மாதம் ஆனது. காரணம் விலை இல்லை, அந்தப் போட்டோதான். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தேக்குப் பலகை. மேலே இரும்புப் பெட்டிக்குள் மெயின் சுவிட்ச், பக்கவாட்டில் கைப்பிடி. அதன் கீழே வெள்ளைப் பீங்கானில் மூன்று பீஸ் கட்டைகள், ஒன்றில் விளிம்பு உடைந்திருக்கிறது. வலது பக்கம் பலகையில் ஒரு சதுரம் மட்டும் நிறம் வெளுக்காமல் இருக்கிறது, நான்கு மூலையிலும் ஆணி ஓட்டை. மீட்டர் இருந்த இடம். இடது ஓரத்தில் ஸ்டார்டர், பச்சை பொத்தானும் சிவப்பு பொத்தானும். அதன் மேல் யாரோ எப்போதோ வைத்த விபூதிப் பட்டை.

யாரோ என்ன, ஆத்தாதான். 1996-ல் அந்த ஸ்டார்டரைத் தொட்டுத்தான் என் சித்தப்பா இறந்தார். நான் பிறப்பதற்கு முன்னால்.

எங்கள் தோட்டம் அவிநாசிக்கு வடக்கே. ஆறு இல்லை, கால்வாய் இல்லை. கிணறுதான். கொங்கு நாட்டில் மேட்டுக்காட்டு விவசாயம் என்றால் அறுபது எழுபது அடி கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவருகிற வேலை. இரண்டு மாடு, தோல் பறி, வடக்கயிறு, சரிவான கவலைப்பாதை. விடியும் முன் பூட்டினால் வெயில் ஏறும்வரை முன்னும் பின்னுமாக மாடுகள் நடக்கும். இரண்டு பேரும் இரண்டு மாடும் ஒரு காலை முழுக்க இறைத்தாலும் ஒரு நாளில் பாய்வது கொஞ்ச நிலம்தான். எங்கள் அப்பாருக்குக் கடைசிவரை உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு இருந்தது என்பார்கள்.

1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மலைச்சரிவில் விழும் தண்ணீர் கோயம்புத்தூர் மில்களுக்கு மின்சாரமாக வந்தது. பள்ளிப் புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் மில்லுக்குப் போன கம்பி வழியில் கிணறுகளைக் கடந்துதான் போனது. மலைமேல் விழும் தண்ணீரைக் கொண்டு, கீழே பூமிக்குள் கிடக்கும் தண்ணீரை மேலே தூக்கலாம் என்பது அந்தக் காலத்து விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும்? 1937-ல் மேட்டூர் மின்நிலையம் வந்தது. அதே ஆண்டு கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். கோவை பின்னாளில் பம்ப்செட் ஊரானது தற்செயல் இல்லை. கம்பியும் கிணறும் பட்டறையும் ஒரே தாலுகாவில் இருந்தன.

1957 ஜூலை 1-ல் மின்வாரியம் உருவானது. காமராஜர் காலத்தில் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு 1963-ல் கரண்ட் வந்தது. வீட்டுக்கு அல்ல, கிணற்றுக்கு. வீட்டில் சிம்னி விளக்குதான் எரிந்தது. ஆத்தா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "மாடு ரெண்டுக்கும் அன்னைக்குத்தான் கண்ணு விடுதலை" என்பார். மனுசருக்கு என்று கேட்டால் சிரிப்பார்.

அந்தப் பலகை அப்போது அடித்ததுதான்.

பீஸ் கட்டை என்ற வார்த்தை நகரத்து நண்பர்கள் சிலருக்குத் தெரியவில்லை. வாயில் வருவது மட்டும் தெரிகிறது: பீஸ் போன பல்பு, பீசப் புடுங்கிருவேன். பிடுங்குவதற்கு ஒரு பொருள் இருந்தது. பீங்கான் கட்டை, உள்ளே இரண்டு பித்தளை முனை, நடுவில் ஈயம் பூசிய மெல்லிய கம்பி. கரண்ட் அளவு மீறினால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். எடிசன் 1890-ல் காப்புரிமை வாங்கியதும் இந்தத் தத்துவத்துக்குத்தான். கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டால் இணைப்பு செத்துவிடும். எனவே அது பாதுகாப்புக் கருவி மட்டும் இல்லை, அதிகாரத்தின் கைப்பிடியும்கூட. பில் கட்டாத தோட்டத்துக்கு லைன்மேன் வந்தால் கட்டையோடுதான் திரும்புவார்.

1970-ல் அரசு விவசாய மின்கட்டணத்தை உயர்த்தியது. யூனிட்டுக்கு ஒரு பைசா குறை என்று கேட்டுக் கோவை மாவட்ட விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் நாராயணசாமி நாயுடு. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். பெருமாநல்லூர் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரம். ஒரு பைசா என்றால் இப்போது சிரிப்பு வரலாம். மாசம் ஆயிரம் யூனிட் ஓடுகிற கிணற்றுக்கு அது பத்து ரூபாய், கூலி ஆளுக்கு நாள் சம்பளம் இரண்டு மூன்று ரூபாய் இருந்த காலம். 1972-ல் மறுபடியும் போராட்டம். மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவை நகரத் தெருக்களை அடைத்தார்கள். கவலை ஓட்டுவதிலிருந்து விடுதலையான மாடுகளில் சில அன்றைக்கு அங்கே நின்றிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பில் கட்ட மாட்டோம் என்று சங்கம் முடிவெடுத்த நாட்களில் எங்கள் தோட்டத்துக் கட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அப்பாரு அன்று ராத்திரியே மூன்று முனைகளையும் செம்புக் கம்பியால் முறுக்கி நேராகக் கொடுத்து மோட்டாரை ஓட்டிவிட்டார். குற்றம்தான். ஆத்தா அதைச் சொல்லும்போது குரலில் இன்னமும் ஒரு பெருமை. காய்ந்துகொண்டிருந்தது மிளகாய் நாற்று. அவர் சொல்லுகிற கதைகளில் கணவர் வீரனாக வருவது அந்த ஒன்றில்தான்.

பிறகு கட்டைகள் திரும்ப வந்தன. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் ஆனது. 1989-91 திமுக ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும். அளக்கத் தேவையில்லாததால் மீட்டர் போனது. பலகையில் அந்த வெளுக்காத சதுரம் வந்த கதை இது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அந்தக் காலி இடம் ஒரு பட்டா மாதிரி.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் டிபி பாக்ஸ் பார்க்க ஆரம்பித்தபோது அப்பாவோடு வந்த சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கரண்ட் வருவதற்காகவே மூன்று தலைமுறை பாடுபட்டிருக்கிறது. அதனால் கரண்டை நிறுத்துகிற எதுவும் எங்கள் வீட்டில் எதிரி.

அந்தப் பலகை அறுபது வருடத்தில் மாறிய விதத்தைப் பார்த்தால் தெரியும். முதலில் பீஸ் கம்பி அடிக்கடி போகிறது என்று இரட்டைக் கம்பி போட்டார்கள். அப்புறம் பழைய வயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியில் நாலைந்து இழை. அது எந்த ஜென்மத்திலும் உருகாது. மும்முனை மின்சாரம் பகலில் சில மணிநேரம், இரவில் சில மணிநேரம் என்றானது. மற்ற நேரம் இரண்டு பேஸ் மட்டும், விளக்கு எரியலாம், மோட்டார் ஓடாது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்: கன்டென்சர் போட்டு இல்லாத மூன்றாவது பேஸை உண்டாக்கி ஓட்டினார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய் சுவிட்ச் போட முடியாது. ஆகவே 'ஆட்டோ'. கரண்ட் வந்ததும் தானாக மோட்டார் ஓடும். ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனம். எந்த என்ஜினியரிங் காலேஜும் சொல்லித்தராதது. ஒவ்வொன்றும் ஒரே திசையில் போனது: எது ஆனாலும் ஓடணும்.

சித்தப்பா இறந்தது ஒரு சித்திரை மாதம். வாய்க்காலில் மடை திருப்பிவிட்டு ஈரக்காலோடு வந்து மோட்டாரை நிறுத்த ஸ்டார்டரில் கை வைத்திருக்கிறார். உள்ளே ஒரு வயரின் ரப்பர் வெந்து இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயது 24. "கரண்ட் இழுத்துப் புடிச்சுக்கிச்சு" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். விதி என்றார்கள். முனி அடித்தது என்றும் ஒரு பேச்சு இருந்தது. மோட்டார் ரூம் வாசலில் இன்றும் ஒரு எலுமிச்சை தொங்குகிறது.

பீஸ் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன், காகிதத்தில். ஒரு பேஸுக்கு 230 வோல்ட். பெட்டியிலிருந்து எர்த் கம்பி தரையில் புதைத்த குழாய்க்குப் போகிறது. சித்திரையில் எங்கள் மண் ஓடு மாதிரி காய்ந்திருக்கும், அந்தக் குழாய்க்கும் பூமிக்கும் நடுவில் நாற்பது ஓம் தடை இருந்தால் ஆச்சரியமில்லை. 230-ஐ நாற்பதால் வகுத்தால் ஆறு ஆம்பியருக்கும் குறைவு. எங்கள் 5 எச்பி மோட்டார் ஒழுங்காக ஓடும்போதே ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆறு ஆம்பியர் கசிவதை அந்த பீஸ் எப்படிக் கண்டுகொள்ளும்? செம்புக் கம்பியை விடுங்கள், சரியான பீஸ் கம்பி போட்டிருந்தாலும் அது உருகியிருக்காது. பெட்டி முழுக்க ஏறக்குறைய 230 வோல்ட்டோடு அமைதியாக நின்றிருக்கும், யாராவது தொடும்வரை.

இந்தக் கணக்கு முடிந்ததும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். இத்தனை வருடமாக அப்பாவுக்குள் ஒரு குற்றவுணர்ச்சி உண்டு. அந்தச் செம்பு இழைகளைப் போட்டது அவர்தான். நாங்கள் யாரும் அதைப் பேசியதில்லை.

பீஸ் காப்பாற்றுவது கம்பியை. கம்பி சூடாகி வீடு தீப்பிடிக்காமல் இருக்க. 1924-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் கம்பெனி காப்புரிமை வாங்கிய எம்சிபி, நாம் இன்று எல்லா வீட்டிலும் பார்க்கிற அந்தச் சின்ன சுவிட்ச், அதுவும் காப்பாற்றுவது கம்பியைத்தான். திரும்பத் தூக்கிவிடலாம் என்பது மட்டும் வசதி. மனித உடம்பு இந்தக் கணக்கிலேயே வராது. ஈரக்காலோடு நிற்கிற உடம்பின் தடை ஆயிரத்து ஐநூறு ஓம் என்று வைத்தால் அதில் பாய்வது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். ஆள் சாவதற்கு அது மிக அதிகம். பீஸுக்கு அது ஒன்றுமே இல்லை.

உடம்பைக் கணக்கில் எடுத்தவர்கள் வேறு ஆட்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல், நூற்றுக்கு மேற்பட்ட தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எத்தனை மின்னோட்டம் வரை ஒருவரால் பிடியை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கைத்தசை தானாக இறுகிவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. கரண்ட் இழுத்துப் பிடித்தது என்று ஆத்தா சொன்னது மூடநம்பிக்கை இல்லை. பிடித்தது சித்தப்பாவின் சொந்தக் கைதான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1950-களில், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் என்பவர் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தார். யோசனை ரொம்ப எளிது. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வந்ததா? வரவில்லை என்றால் வழியில் எங்கோ ஒழுகுகிறது, நிறுத்து. தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடையில் விட்ட தண்ணி கடைசி வயலுக்கு வரவில்லை என்றால் நடுவில் எலிவளை இருக்கிறது. சுரங்கக் குடியிருப்பில் வீடுகளிலும் பொருத்திப் பார்த்தார்கள். 1961-ல் டால்சீல் 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கிற ஒன்றைச் செய்தார். இன்று ஆர்சிசிபி என்று கடையில் வாங்குவது அந்த வம்சம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர்.

இந்திய மின்சார விதிகளிலும் அது வந்தது. 1956 விதிகளில் பின்னாளில் சேர்த்த 61-ஏ என்ற பிரிவு, கசிவுத் தடுப்புக் கருவி வேண்டும் என்று சொன்னது. ஆனால் 5 கிலோவாட்டுக்கு மேல் உள்ள இணைப்புகளுக்கு. சித்தப்பா இறந்த ஆண்டில் அந்த விதி புத்தகத்தில் இருந்தது. 5 எச்பி மோட்டார் என்பது 3.7 கிலோவாட்.

அப்பாவிடம் ஆர்சிசிபி போட வேண்டும் என்றேன். வயர்மேன் அண்ணன் பக்கத்தில் இருந்தார். "அம்மிணி, அது கிணத்துக்குச் செட்டாகாது. மழை பேஞ்சா வுழுந்துரும். பனி பேஞ்சா வுழுந்துரும். நாலு பேருக்குப் போட்டுக் குடுத்து நாலு பேரும் கழட்டி எறிஞ்சுட்டாங்க." அப்பா அதற்குமேல்: "மூணு பேஸ் வர்றதே கொஞ்ச நேரம். அதுல இது வுழுந்துட்டா தென்னைக்கு ஆரு தண்ணி வுடுவா?"

அவர்கள் சொன்னது பொய் இல்லை. கிணற்றுக்குள் நூறடி கேபிள், நடுவில் இரண்டு ஒட்டு, இருபது வருட மோட்டார். மில்லி ஆம்பியர் கணக்கில் அது எப்போதும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். 30 போட்டால் வாரத்துக்கு மூன்று முறை விழும், நாலாவது முறை யாராவது நேராகக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பரம்பரைத் திறமை உண்டு. ஆகவே கடைக்காரர் எழுதித் தந்த பட்டியலைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து யோசித்தேன்.

கிணற்றுக்கும் வீட்டுக்கும் இணைப்பே வேறு, பெட்டியும் வேறாகத்தான் இருக்க வேண்டும். கிணற்றுப் பெட்டிக்கு 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது தொட்டவனை நேரடியாகக் காப்பாற்றாது. ஆனால் எர்த் ஓரளவு நன்றாக இருந்தாலே, பெட்டி ஐம்பது வோல்ட்டைத் தாண்டுவதற்குள் துண்டித்துவிடும். நூற்றறுபது ஓம் எர்த் வரைக்கும் அந்தக் கணக்கு நிற்கும். நாற்பது ஓமில் 1996-ல் கசிந்த அந்த ஆறு ஆம்பியர், இதற்கு இருபது மடங்கு. யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். எர்த் குழியைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தோண்டினோம், எப்போதும் ஈரம் இருக்கிற இடம். கருவி வைத்து அளந்தபோது பதினொரு ஓம்.

வீட்டுப் பெட்டி பெரிய சமாச்சாரம் இல்லை. எட்டு வழி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுக்குப் பதில் இரண்டு, விளக்குக்குத் தனி, பிளக்குக்குத் தனி. இல்லையென்றால் கிரைண்டர் கசிந்ததற்கு வீடே இருண்டு, ராத்திரியில் ஆத்தா தடுமாறி விழுவார். கூடவே வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கிற கருவி. கிராமத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் நானூறு வோல்ட் வரை வந்து டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும். எங்கள் ஊரில் அது நடக்காத தெருவே கிடையாது. அப்புறம் ஓட்டை இல்லாத, இறுக்கி மூடுகிற பெட்டி. பல்லியும் குளவியும் செய்கிற ஷார்ட்டை எந்தக் கம்பெனி கேட்டலாக்கும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த கிணத்துப் பொட்டியில வலது பக்கம் காலியா இருக்குதே, அது எதுக்கு?" மீட்டர் வைக்கிற இடம், எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் வரும் என்றேன். முகம் மாறிவிட்டது. "எடத்த வுட்டா அவங்களை வெத்தல பாக்கு வெச்சுக் கூப்டாப்புல ஆகிப்போகும்." 2020-ல் மத்திய அரசு மின்சாரச் சட்டத் திருத்த வரைவு கொண்டுவந்தபோது டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் அதையும் சேர்த்துத்தான் எதிர்த்தார்கள். அப்பாவின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மீட்டர் இடம் இல்லாத பெட்டியாகத் தேடி வாங்க மூன்று வாரம் அலைந்தோம்.

ஆவணியில் மாட்டினோம். பழைய பலகையைக் கழற்றியபோது பின்பக்கம் முழுக்கச் செல் புற்று. அப்பா மூன்று பீஸ் கட்டைகளையும் எடுத்து, உள்ளிருந்த செம்பு இழைகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த நாற்பது ஓம் கணக்கைச் சொன்னேன். நீங்கள் சரியான பீஸ் கம்பி போட்டிருந்தாலும் போயிருக்காது என்றேன். அவர் நிமிரவில்லை. "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார். திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். எண்களோடு சொன்னேன்.

எல்லாம் முடிந்து வயர்மேன் அண்ணன் டெஸ்ட் பட்டனைக் காட்டினார். மாசம் ஒருக்கா அழுத்திப் பாருங்க, டக்னு வுழோணும், வுழுகாட்டி எனக்குப் போன் பண்ணுங்க. ஆத்தா தடியை ஊன்றிக்கொண்டு வந்து, "எங்கே, நானு" என்று விரலை வைத்தார். டக். மோட்டார் நின்றது. கிணற்றுக்குள் தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"இது அப்பவே இருந்துச்சா கண்ணு?"

அப்பா என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"இருந்துச்சுங்காத்தா."

ஆத்தா புதுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்து விபூதிப் பையை எடுத்து, வெள்ளை பெயின்ட் மேல் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.